வீட்டையும் மூட்டை கட்டிக்கொண்டு

வங்காளத்தின் ஆற்றங்கரை ஊரான ஸ்ரீராம்பூரில், ஹல்தார் வீட்டில் எந்தக் கதவும் பாதி திறந்து நிற்காது. திறந்தால் சுவரோடு ஒட்டித் திறந்திருக்க வேண்டும், மூடினால் தாழ்ப்பாள் விழ வேண்டும். இது பிரபோத் ஹல்தார் போட்ட சட்டம். மனைவி கரபிக்குப் பார்வை போன புதிதில், அரைகுறையாகத் திறந்திருந்த சமையலறைக் கதவின் விளிம்பு அவள் நெற்றியைப் பிளந்துவிட்டது. தையல் போட்டுக் கூட்டி வந்த அன்று மாலையே அவர் ஒவ்வொரு கதவுக்கும் பின்னால் சுவரில் கொக்கி அடித்தார்.

பிரபோத் சணல் ஆலையில் சரக்கறைப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் திருகாணி எந்தத் தட்டில் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய ஆள். அந்தத் திறமை முழுவதையும் இப்போது வீட்டின்மேல் இறக்கினார். உப்பு சதுர டப்பாவில், சர்க்கரை வட்ட டப்பாவில். ஷாம்புப் புட்டியின் கழுத்தில் ரப்பர் பேண்ட் உண்டு, எண்ணெய்ப் புட்டிக்குக் கிடையாது. சேலையும் அதற்கான ஜாக்கெட்டும் ஊக்கு குத்தியே மடித்து வைக்கப்பட்டிருக்கும். செருப்பு, வாளி, செய்தித்தாள் எதுவும் தரையில் கிடக்காது. படுக்கையறைச் சுவரில் பலமாக டிக் டிக் என்று அடித்துக்கொள்ளும் பழைய கடிகாரம் ஒன்றை மாட்டியிருந்தார். அந்தச் சத்தத்தை வைத்து அலமாரி எந்தப் பக்கம், ஜன்னல் எந்தப் பக்கம் என்று அவள் பிடித்துக்கொள்வாள். அவர் ஒரு அறைக்குள் வருவதற்கு முன்னால் மெல்ல இருமுவார். அவள் திடுக்கிடக்கூடாது என்பதற்காக.

வருகிறவர்கள் எல்லாம் மெச்சினார்கள். பெங்களூரில் இருந்த மகள், "அப்பா மாதிரி ஒருத்தர் கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்மா" என்று போனில் சொல்லும்போதெல்லாம் கரபி ஆமாம் என்பாள். மனசாரத்தான் சொன்னாள். அந்த ஒழுங்கு இல்லாமல் போயிருந்தால் மீன் குழம்பு வைக்கவோ, தன் டீயைத் தானே போட்டுக்கொள்ளவோ அவளால் முடிந்திருக்காது. ஆனாலும் சில மத்தியானங்களில், கூடத்திலிருந்து சமையலறைக்கும் சமையலறையிலிருந்து கூடத்துக்கும் எதிலும் படாமல் நடந்து வந்து உட்காரும்போது, இந்த வீட்டில் புதிதாகத் தொட ஒன்றுமே இல்லை என்று அவளுக்குத் தோன்றும். உடனே, இவ்வளவு செய்கிற மனிதரை வைத்துக்கொண்டு இப்படி நினைக்கலாமா என்று தன்னையே கடிந்துகொள்வாள். கண் ஆஸ்பத்திரியைத் தவிர அவள் வெளியே போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் பக்கத்து வீட்டு ஷிப்ரா குடும்பத்தோடு கடற்கரை ஊரான புரிக்குக் கிளம்பினாள். அந்தத் தெருவில் யார் எங்கே கிளம்பினாலும் முதலில் பிரபோத்திடம் வந்து கேட்டுவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பார்கள். அவர் அதிகம் ஊர் சுற்றியவர் இல்லை. ஆனால் எதை எப்படி அடுக்கவேண்டும் என்று அவரைவிட யாருக்கும் தெரியாது.

கூடத்தில் அவர் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கரபி சமையலறையில் பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டாள்.

"சோப்பை டப்பாவுல வெக்காத. பழைய காலுறைக்குள்ள போட்டு முடிச்சுப் போட்டுரு. ஈரமும் காயும், தேய்ச்சுக் குளிக்கவும் அதுவே ஆச்சு. துணி காயப்போட ஒரு கயிறு, கொஞ்சம் கிளிப்பு. லாட்ஜுல கொடியே இருக்காது, இருந்தா அதுல யாரோட வேட்டியாவது தொங்கும்."

"சரிண்ணா."

"மொத நாள் புரித் தண்ணியைக் குடிக்காதீங்க. வீட்டுத் தண்ணி கொண்டு போங்க. அவல் எடுத்துக்கோ. வயிறு கெட்டா தயிர்ல ஊறவெச்ச அவல்தான் காப்பாத்தும். உன் வீட்டுக்காரனுக்குக் குரங்குக் குல்லா மறந்துராத."

"அவருக்கு அதைப் போட்டா வித்தியாசமே தெரியாதுண்ணா" என்றாள் ஷிப்ரா.

கரபி சிரித்தாள். சிரித்துக்கொண்டே, கையிலிருந்த பட்டாணியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, தானே எதிர்பார்க்காமல், "நாமளும் புரி போலாமா?" என்று கேட்டுவிட்டாள்.

கூடத்தில் பேச்சு நின்றது. பிரபோத் இருமிவிட்டுச் சமையலறைக்குள் வந்தார்.

"புரிக்கா? நீயா?"

"நாம. ரெண்டு பேரும்."

"அங்க உனக்கு என்ன..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். என்ன பார்க்க முடியும் என்று கேட்க வந்திருப்பார். அவளுக்குப் புரிந்தது.

"கடல் சத்தம் கேக்கும். காத்து அடிக்கும். போதும்" என்றாள்.

அவர் சரி என்று சொல்ல ஒரு வாரம் பிடித்தது. சொல்லிவிட்ட பிறகு மனிதர் நிலைகொள்ளவில்லை. பழைய ஆலை ஊழியர்களுக்கென்று புரியில் ஒரு விடுதி இருந்தது. அதைக் கவனித்துக்கொண்ட பீதாம்பர் என்ற ஒடியாக்காரருக்குப் போன் போட்டார். கீழ்த்தளத்தில் ஓர் அறை வேண்டும் என்று கேட்டு வாங்கினார். மறுநாள் மறுபடி போன் போட்டார். கரபி பக்கத்திலேயே இருந்ததால் பீதாம்பரின் குரலும் கேட்டது.

"பீதாம்பர், அந்த ரூம்ல கதவைத் தொறந்தா கட்டில் எந்தக் கைப்பக்கம்?"

"கட்டில் சுவத்துப் பக்கம் பாபு."

"எந்தச் சுவர்?"

"நாலு சுவத்துல ஒண்ணு பாபு."

"அப்படி இல்லப்பா. நீ கதவுல நில்லு. நின்னு வலது கையை நீட்டு. என்ன படுது?"

போனில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "இப்ப என் சம்சாரம் படறா பாபு. தொடப்பத்தோட நிக்கிறா" என்றார் பீதாம்பர்.

ஒருவழியாக அளவெல்லாம் வந்து சேர்ந்தது. அன்று சாயங்காலம் பிரபோத் கூடத்து நாற்காலிகளை இழுத்துப் போட்டார். திவான்தான் புரிக் கட்டில். நாற்காலி வரிசை சுவர். ஸ்டூல் மேசை. குளியலறைக்குப் பதிலாகத் துணி காயப்போடும் ஸ்டாண்டு. கரபியின் கையைப் பிடித்து அதற்குள் நிறுத்தினார்.

"இதுதான் ரூம். நீ இங்கயே பழகிட்டேன்னா அங்க போய்த் தடுமாற வேண்டாம். இப்ப பாத்ரூம் போ பாப்போம்."

அவள் போனாள். வந்தாள். கட்டிலில் உட்கார்ந்தாள். எழுந்து கதவைத் திறப்பதுபோல் காற்றில் கையை வைத்தாள். "பிரமாதம்" என்றார் அவர். அவர் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு அவளும் சிரித்தாள்.

அடுத்த நாள் ஒத்திகையின்போது, புரியிலிருந்து திரும்பியிருந்த ஷிப்ரா உள்ளே வந்து நாற்காலிச் சுவரில் இடித்துக்கொண்டாள்.

"என்னண்ணா, வீட்டுல நாடகம் போடப் போறீங்களா?"

"உன் அண்ணிதான் கதாநாயகி. நான் திரை இழுக்கறவன்."

"அப்ப வில்லன்?"

"நீதான். சுவத்தை இடிச்சுட்டு வந்திருக்க."

ஷிப்ரா போன பிறகும் ஒத்திகை நடந்தது. தினமும் நடந்தது. கரபிக்குக் கடைசியில் அலுத்துப்போய்விட்டது. கடலே இல்லாமல் பல தடவை புரிக்குப் போய்த் திரும்பியதுபோல் இருந்தது. ஆனால் சொல்லவில்லை. கூடத்தில் அவர் முட்டியில் கைவைத்து முனகிக்கொண்டே நாற்காலிகளைத் திரும்பத் தூக்கி வைக்கும் சத்தம் கேட்கும்போது எப்படிச் சொல்வது?

கிளம்புகிற நாளில் மூட்டை பெருத்துவிட்டது. மருந்து துவாலைத்துணிப் பையில், உள்ளாடை பட்டுத்துணிப் பையில், சீப்பும் பவுடரும் சணல் பையில், தொட்டதுமே தெரியும்படி. அவளுடைய தலையணை. அவளுடைய குவளை. கடைசியில் சால்வையில் எதையோ சுற்றும் சத்தம் கேட்டது. டிக் டிக் சத்தமும் கூடவே கேட்டது.

"சுவர்க்கடிகாரமா எடுக்கறீங்க?"

"அதை வெச்சுத்தானே நீ திசை பாக்கற?"

"புரிக்குப் போற எல்லாரும் என்ன நெனைப்பாங்க? மணி பாக்க ஒரு ஆள் சுவத்தையே கொண்டு வந்திருக்கார்னு நெனைப்பாங்க."

"நெனைச்சுட்டுப் போகட்டும்" என்றார் பிரபோத்.

ஹௌராவிலிருந்து காலை வண்டி. அவளுக்கு ஜன்னலோர இடம். பாலங்கள் வரும்போது சக்கரத்தின் சத்தம் குழிந்து ஒலிப்பதையும், ஸ்டேஷன் ஸ்டேஷனாக டீ விற்பவர்களின் குரல் வங்காளத்திலிருந்து ஒடியாவுக்கு மாறிக்கொண்டே வருவதையும் அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். மைதா பூரியான லூச்சியும் உருளைக்கிழங்குக் கறியும் சாப்பிட்டார்கள். எதிரில் இருந்த பெரியவர் கொஞ்ச நேரமாக நெளிந்துகொண்டிருந்தார். அவர் இருக்கை கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் தாழ்ந்த குரலில் கேட்டுவிட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க. உங்க பையிலேர்ந்து ஏதோ சத்தம் வருதே. டிக் டிக்னு."

"கடிகாரம்" என்றார் பிரபோத்.

"கடிகாரம்னா கையிலதானே கட்டுவாங்க?"

"இது சுவர்க்கடிகாரம்."

"சுவர்க்கடிகாரத்தை எதுக்கு ரயில்ல..." பெரியவர் எழுந்தேவிட்டார். பக்கத்து இருக்கைகளில் பேச்சு அடங்கியது. யாரோ குழந்தையைக் கூப்பிட்டுத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். பிரபோத் பையைத் திறந்து, சால்வையைப் பிரித்து, கடிகாரத்தைத் தூக்கிச் சுற்றிலும் காட்ட வேண்டியதாயிற்று. "மணி சரியாத்தான் காட்டுது" என்றார் பெரியவர், கொஞ்சம் வெட்கத்தோடு. பெட்டி முழுக்கச் சிரித்தது. கரபிக்குச் சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்படிச் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று அவள் யோசித்தாள்.

புரி விடுதியில் சிக்கல் காத்திருந்தது. பீதாம்பர் வாசலிலேயே தொண்டையைச் செருமினார்.

"பாபு, கோவிச்சுக்காதீங்க. உங்க ரூம்ல நேத்துக் கொழாய் வெடிச்சுருச்சு. தரையெல்லாம் தண்ணி. மேல ஒரு ரூம் சுத்தம் பண்ணி வெச்சிருக்கேன். கடல் பாத்த ரூம். அதுக்குத்தான் எல்லாரும் சண்டை போடுவாங்க."

"அந்த ரூம்ல கட்டில் எந்தக் கைப்பக்கம்?" என்று பிரபோத் கேட்டார்.

மேல் அறையில் எல்லாமே இடம் மாறியிருந்தது. கட்டில் இருக்கவேண்டிய பக்கம் மேசை. குளியலறை இருக்கவேண்டிய இடத்தில் அலமாரி. குளியலறைக்கு ஒரு படி வேறு ஏற வேண்டும். கரபி உள்ளே நுழைந்ததும் முழங்கால் எதிலோ இடித்தது. அவள் அது என்ன என்று தடவிப் பார்ப்பதற்குள் பிரபோத் அவளைத் தோளைப் பிடித்து ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்.

"நீ அசையாத. நான் சரி பண்ணிடறேன்."

சரி பண்ணத் தொடங்கினார். பீதாம்பரையும் கூப்பிட்டுக்கொண்டார். கட்டில் இழுபட்டது, மேசை நகர்ந்தது, அலமாரி நகர மறுத்தது. கடிகாரம் மாட்ட ஆணி கிடைக்கவில்லை. "பாபு, இந்தக் கட்டில் இந்தப் பக்கம் வந்தா கதவு தொறக்காது" என்றார் பீதாம்பர். திரும்பவும் இழுத்தார்கள். இந்த இழுபறிக்கு அப்பால், திறந்த ஜன்னலுக்கு வெளியே, கனமான ஏதோ ஒன்று திரும்பத் திரும்பப் புரண்டுகொண்டிருந்தது. கடல்தான். கட்டில் கால்கள் கீச்சிடாத இடைவெளிகளில் மட்டும் அது கேட்டது.

"கொஞ்சம் கடற்கரைக்குப் போயிட்டு வந்து செய்யலாமே" என்றாள் கரபி.

"மொதல்ல ரூம் ஒழுங்காகட்டும்."

அன்று ரூம் ஒழுங்காகவில்லை. மறுநாள் காலையிலும் அவர் அதே வேலையாக எழுந்தார். ஆணியும் சுத்தியலும் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு, "நான் வர்றவரைக்கும் கட்டிலைவிட்டு எறங்காத, என்ன?" என்று கேட்டுக்கொண்டு போனார்.

அவர் செருப்புச் சத்தம் படியில் இறங்கித் தேய்ந்தது. கரபி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கடல் புரண்டது. அது தன்னைக் கூப்பிடவில்லை, யாரையும் கூப்பிடவில்லை, தன்பாட்டுக்குப் புரள்கிறது என்பதே அவளுக்குப் பிடித்திருந்தது. அவள் கட்டிலைவிட்டு இறங்கினாள்.

முதலில் கை மேசையில் பட்டது. மேசை விளிம்பில் யாரோ பேனாக்கத்தியால் பேர் செதுக்கியிருந்தார்கள். விரலால் தடவினாள், படிக்க வரவில்லை. அலமாரிக் கதவு ஈரத்தில் உப்பியிருந்தது. சுவரில் உப்புக்காற்று அரித்த சொரசொரப்பு. நாற்காலி ஒன்று எதிர்பாராத இடத்தில் வந்து தொடையில் இடித்தது. வலித்தது. அவளுக்கு எரிச்சல் வரவில்லை. கதவைக் கண்டுபிடித்தாள், தாழ்வாரத்தைக் கண்டுபிடித்தாள், படிக்கட்டின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாகக் காலால் தேடி இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள்.

வாசலில் ஒரு பெண் குரல், "எங்க போறீங்க மா?" என்றது.

"கடலுக்கு. ரோட்டைத் தாண்டி விடறியா?"

அது சங்கு மாலை விற்கிறவள். கையில் வளையல்கள் கலகலத்தன. ஒன்றும் கேட்காமல் கரபியின் முழங்கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டவைத்து, மணலில் கொண்டுபோய் நிறுத்தினாள். "இதுக்கு மேல ஈரம். செருப்பைக் கழட்டிக்கங்க" என்று சொல்லிவிட்டுக் கூவிக்கொண்டே போய்விட்டாள்.

கரபி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். மணல் குளிர்ந்திருந்தது. கால் புதைந்தது. எந்தப் பக்கம் நடந்தாலும் இடிக்க ஒன்றும் இல்லை என்பது நினைவுக்கு வந்ததும் அவளுக்கு முதலில் பயமாக இருந்தது. பிறகு பயம் இல்லை. தண்ணீர் வந்து விரல்களைத் தொட்டு, குதிகாலுக்கு அடியிலிருந்த மணலை உருவிக்கொண்டு போனது. அவள் தள்ளாடி, சிரித்து, நிலைத்து நின்றாள்.

எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. பின்னால் யாரோ கத்துவது கேட்டது. "கரபி" என்று. திருமணமாகி இவ்வளவு வருடத்தில் அந்தக் குரலை அவள் கேட்டதில்லை. கூட்டத்தில் குழந்தையைத் தொலைத்தவர்கள் கத்துகிற குரல் அது.

"இங்கதான் இருக்கேன்" என்று திரும்பிச் சொன்னாள்.

அவர் ஓடி வந்து அவள் கையைப் பற்றினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் திட்டவில்லை. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். இருமாமல் வந்திருந்தார். மூச்சு வாங்கியது. அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சொல்லிட்டு வந்திருக்கணும். தப்புதான்" என்றாள்.

அவர் செருப்பைக் கழற்றி மணலைத் தட்டினார். அப்புறம், "ரூம்ல நீ இல்ல. கட்டில்ல இல்ல, பாத்ரூம்ல இல்ல. பீதாம்பருக்கும் தெரியல" என்றார்.

"ம்."

"ரெண்டு வருஷமா தூக்கத்துலகூட நான் அந்த வீட்டைச் சுத்திச் சுத்தி வர்றேன் கரபி. எங்கயாவது எதாவது கெடக்கான்னு பாத்துக்கிட்டே நடக்கறேன். ஒரு வாளி, ஒரு செருப்பு. எதாவது இருந்துரும். எடுத்து வெப்பேன். முழிச்சுப்பேன்."

கரபிக்கு இது தெரியாது. அவர் இரவில் புரள்வதை முட்டிவலி என்று நினைத்திருந்தாள். அவர் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லி? உன் கண்ணைத் திருப்பிக் கொண்டுவர என்னால முடியல. டாக்டர்கிட்ட இன்னும் சீக்கிரம் கூட்டிட்டுப் போயிருக்கலாம். போகல. டப்பாவை அடுக்கத்தான் தெரியும். அதைப் பண்றேன்."

"நீங்க அடுக்கினதுலதான் நான் சமைக்கறேன், துணி கட்டறேன், மனுஷியா நடமாடறேன். அதை இல்லேன்னு சொன்னா என் வாய் வெந்துரும்." இவ்வளவு நாள் தொண்டையில் இருந்ததை இப்போது சொல்லாவிட்டால் இனிமேல் சொல்லப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. "ஆனா அந்த வீட்டுல வெச்சது வெச்ச இடத்துல இருக்கு. உப்பு டப்பா அப்படித்தான், கடிகாரம் அப்படித்தான். நானும் அப்படித்தான் இருக்கேன். இன்னைக்குக் காலைல ஒரு நாற்காலி என்னை இடிச்சுது. எவ்வளவு நல்லா இருந்துது தெரியுமா?"

"நாற்காலி இடிச்சது நல்லா இருந்துதா?"

"ஆமா. நான் போனேன், அது இடிச்சுது. நீங்க எடுத்து ஓரமா வெக்கறதுக்குள்ள."

அவர் மூக்கை உறிஞ்சினார். அழுகிறாரா, சளியா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

அப்போது ஒரு நூலியா வந்து நின்றான். புரியில் அலைக்குள் ஆட்களைக் கைப்பிடித்துக் குளிப்பாட்டுகிற மீனவர்கள் அவர்கள். மீனும் உப்பும் கலந்த வாசனை முன்னால் வந்தது, பிறகு குரல்.

"குளிக்கறீங்களா மா? அலை இன்னைக்கு நல்ல புள்ளை மாதிரி இருக்கு."

"வேண்டாம்" என்றார் பிரபோத்.

"குளிக்கறேன்" என்றாள் கரபி.

பிரபோத் எழுந்து நின்றுவிட்டார். "இந்தாப்பா, உன் பேரென்ன?"

"எர்ரையா."

"எர்ரையா, இவங்களுக்குக் கண் தெரியாது. இதுக்கு முன்னாடி அந்த மாதிரி யாரையாவது கடலுக்குள்ள கூட்டிட்டுப் போயிருக்கியா?"

"உப்புத் தண்ணியில யாரு பாபு கண்ணைத் தொறக்கறாங்க? எல்லாரையும் அப்படித்தான் கூட்டிட்டுப் போறேன்."

"விட்டுட மாட்டியே?"

"என் மாமியாரையே விட்டதில்ல. ஆசை இருந்துது, விடல."

கரபி சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டாள். எர்ரையாவின் உள்ளங்கை கயிறு இழுத்து இழுத்துக் காய்த்துப்போயிருந்தது, பலகை மாதிரி. "சொல்லும்போது குதிங்க மா. நான் சொல்லலேன்னா சும்மா நில்லுங்க" என்றான். தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது, இடுப்புக்கு ஏறியது. "இப்ப" என்றான். அவள் குதித்தாள். ஏதோ ஒரு பெரிய மிருகத்தின் முதுகு அவளைத் தூக்கி மெதுவாக இறக்கிவிட்டதுபோல் இருந்தது. "இப்ப" என்றான் மறுபடியும். இந்தத் தடவை தாமதமாகக் குதித்தாள். அலை முகத்தில் அறைந்து, கால்களை வாரி, தலைகீழாகப் புரட்டிப்போட்டது. வாயெல்லாம் உப்பு, தலையெல்லாம் மணல். எர்ரையாவின் பிடி மட்டும் இளகவில்லை. இருமிக்கொண்டே எழுந்து நின்றவள், கரைப்பக்கம் என்று தோன்றிய திசையில் திரும்பி, "வாங்க, நல்லா இருக்கு" என்று கூப்பிட்டாள்.

"பாபு பேன்ட்டோட வர்றார் மா" என்றான் எர்ரையா.

அவர் வந்தார். அவளுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கடல் பயம் என்று அவளுக்குத் தெரியும். கல்யாணமான வருடம் திகா கடற்கரையில் கணுக்காலுக்கு மேல் நனையாமலே திரும்பி வந்த மனிதர். அலை வந்தபோது, "குதி" என்று எர்ரையாவுக்கு முன்னால் அவரே கத்தினார்.

புரியில் இருந்த மிச்ச நாட்களில் கட்டில் நகரவில்லை. கடிகாரம் மேசைமேல் சாய்ந்தபடியே ஓடியது. கரபியின் முழங்காலில் ஒன்று, தொடையில் ஒன்று என்று நீலம் பாய்ந்திருந்தது. பிரபோத்தான் எண்ணெய் தடவிவிட்டார். தடவும்போது வாய் முணுமுணுக்கும், ஆனால் நாற்காலியை எடுத்து ஓரமாக வைக்கவில்லை. தெருவில் நடக்கும்போது அவர் புதிதாக ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். முன்பெல்லாம் அவளைச் சட்டென்று இழுத்து ஒதுக்குவார். இப்போது வாயால் சொல்லத் தொடங்கினார். "இடது பக்கம் மாடு படுத்திருக்கு. எழுந்திரிக்கிற உத்தேசம் இல்ல." "முன்னால ஒரு அம்மா, காஜா மிட்டாய்க் கடையில பேரம் பேசறா. நாலு பேர் அகலம். சுத்திப் போகணும்." சொல்லச் சொல்ல அவருக்கே அதில் ருசி வந்துவிட்டது. நாட்டிலேயே மிக மோசமான சட்டை போட்ட ஆள் எதிரே வருகிறான் என்று சொல்லி, அதன் நிறங்களை ஒவ்வொன்றாக விவரித்துக்கொண்டே வந்தார். அந்த ஆள் வங்காள மொழியிலேயே, "நான் ஹூக்ளிக்காரன்தான் ஐயா, எல்லாம் புரியுது" என்று சொல்லிவிட்டுப் போனான். கரபி ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஊர் திரும்பிய அடுத்த வாரம் அவள் கேட்டாள். "கட்டிலை ஆத்துப்பக்க ஜன்னல்கிட்ட போடலாமா?"

கட்டில் நகர்ந்தால் அலமாரி நகர வேண்டும், அலமாரி நகர்ந்தால் அவளுக்குப் பழகிய எல்லாமே குலையும். அவர் மனசுக்குள் அந்த அறை முழுவதும் ஒரு தடவை சுற்றி வருவது அவளுக்குக் கேட்காமலே கேட்டது.

"ஆத்துக் காத்துல சளி பிடிக்கும்" என்றார்.

"பிடிச்சா கஷாயம் வெச்சுத் தாங்க."

ஷிப்ராவின் வீட்டுக்காரரையும் கூப்பிட்டு இழுத்தார்கள். புதிய இடத்தில் முதல் நாள் கரபி அலமாரியில் இடித்துக்கொண்டாள், அடுத்த நாள் கட்டில் காலில் கட்டைவிரலை நசுக்கிக்கொண்டாள். அவர் கூடத்திலிருந்து, "என்ன சத்தம்?" என்பார். "நான்தான்" என்பாள். கொஞ்ச நாளில் சத்தம் குறைந்தது. ஜன்னல் திட்டில் உட்கார்ந்து டீ குடிக்க அவளுக்கு ஒரு இடம் கிடைத்தது. கீழே படகுத்துறை. எதிர்க்கரைப் பாரக்பூருக்குப் போகும் படகின் மோட்டார் சத்தம், கயிறு தூணில் உரசும் சத்தம், அவசரமாக ஏறுகிறவர்களின் சண்டை, எல்லாம் நேரே வந்து விழுந்தன.

ஒரு சாயங்காலம் அவர் இரண்டு குவளை டீயோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"படகு கெளம்பிருச்சா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல. ஒருத்தன் ஆட்டைக் கூட்டிட்டு வந்து ஏத்தப் பாக்கறான். அது மாட்டேங்குது."

"என்ன ஆடு?"

"கறுப்பு. காதுல மட்டும் வெள்ளை. டிக்கெட் குடுக்கறவன் வந்துட்டான். ஆட்டுக்கு டிக்கெட் எடுக்கணுமாம். இவன், சைக்கிளுக்குக் குடுக்கற காசுதான் ஆட்டுக்கும்ங்கறான்."

"அப்புறம்?"

"தூக்கிட்டான். தோள்ல போட்டுக்கிட்டு ஏறிட்டான். படகுல எல்லாரும் எடம் விடறாங்க."

மோட்டார் சத்தம் மாறியது. படகு கரையைவிட்டு விலகியது. கரபி குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஆடு எந்தப் பக்கம் பாக்குது?"

பிரபோத் எழுந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஜன்னல் கம்பியில் நெற்றி படும்படி சாய்ந்து பார்த்தார்.

"நம்ம பக்கம்தான்" என்றார்.